‘பரவாயில்லை’ என்றால் வலிக்கிறது

சித்தி புற்றுநோய் வார்டில் நர்ஸ். நோயை இனி விரட்ட முடியாது, வலியையாவது விரட்டலாம் என்ற நிலைக்கு வந்தவர்களின் வார்டு. உறவில் யாராவது, "ஏண்டி, பிரசவ வார்டு கேட்டு வாங்கிட்டுப் போயிடேன்" என்றால், "அங்க ஒரே கத்தல். என் ஆளுங்க எவ்வளவோ தேவலை" என்பாள். ஊர் சுற்றிவிட்டு வந்து சும்மா இருந்த நான் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். அவள் சாப்பிட உட்காரும் வரை அந்த வார்டில்தான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

கட்டில் கட்டிலாக நின்று மாத்திரை கொடுத்துக்கொண்டே வருவதால், அங்கிருந்த பஸ் டிரைவர் ஒருவர் அவளுக்குக் ‘கண்டக்டரம்மா’ என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. படுக்கவே மாட்டார். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே கிடப்பார்.

"வலி எப்படிண்ணே இருக்கு?"

"பரவாயில்லம்மா."

சித்தி அதையே டாக்டரிடம் சொல்வாள். மருந்தின் அளவும் ஏறாமல் நின்றது. "சீட்ல உக்காந்தே பழகின மனுஷன், படுக்கப் பிடிக்கல போல" என்று என்னிடம் சிரித்தாள்.

ஒரு மதியம் அவர் மனைவி சூப் கொண்டுவந்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"பரவாயில்ல."

அந்த அம்மா டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "உப்பே போடல! வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்? கல்யாணம் ஆனதுலேருந்து இதே கதை சிஸ்டர். இவரு பரவாயில்லன்னா, வாயில வைக்க முடியலன்னு அர்த்தம்."

சித்தியின் கை மாத்திரைத் தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். சித்தி கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"படுத்தா என்னண்ணே பண்ணுது?"

"உயிரே போகுதும்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பெரிய மருந்து குடுப்பீங்க. அது கடைசி ஸ்டாப்புலதான் குடுப்பாங்களாமே."

"யாரு சொன்னது?"

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணே, கண்டக்டர் நானிருக்கேன், ஸ்டாப்ப எங்கிட்ட கேக்காம பயணிகிட்ட கேட்டா எப்படி? வலிக்குத்தான் இந்த மருந்து. எவ்வளவு வலியோ அவ்வளவு மருந்து. இதக் குடிச்சிட்டு வருஷக்கணக்கா நடமாடினவங்க இருக்காங்க."

அவர் யோசித்தார். "அப்ப... ரொம்ப வலிக்குதும்மா" என்றார், ஏதோ கடன் கேட்பவர்போல.

சித்தி நேரே டாக்டரிடம் போய், "நான்தான் தப்பாப் புரிஞ்சு சொல்லிட்டேன்" என்றாள். டாக்டர் வந்து பேசி அளவைக் கூட்டினார். பிறகும் ஒருமுறை கூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது டிரைவர் காலை நீட்டி மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இந்தச் சத்தத்துக்கு மருந்து இல்லையா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"காதுல பஞ்சு வச்சுக்கோங்க" என்று அடிக்குரலில் அதட்டினார் டிரைவரின் மனைவி. பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பாயை உருவி விரித்தார். "நானும் செத்த நேரம் கால நீட்டறேன் சிஸ்டர்" என்று படுத்தவர், சித்தி அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் தூங்கிவிட்டார்.