கண்ணாடி நகரத்தை மூன்று தடவை காலி செய்தோம்

நான் இருந்தேன். சீலன் இருந்தான். சீலனின் அம்மா தேத்தண்ணித் தட்டோடு அறைவாசலில் நின்றார். கணினியை வாங்கித் தந்த சீலனின் அண்ணை இல்லை, அவர் பிரான்சில். மின்சாரத்தை, அதுதான் கறண்டை, எந்தப் பக்கம் சேர்ப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதி நேரம் இருந்தது, பாதி நேரம் இல்லை.

போன கிழமை நான் வேலை செய்கிற கந்தோரில் பழைய கணினியொன்றின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது சூடான தூசியின் மணம் அடித்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், கருகப்போகிற வயருக்குச் சற்று முந்திய மணம். அவ்வளவுதான், நான் நீர்வேலியில், வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சீலன் வீட்டு முன்னறையில் நின்றேன். நினைவு இனிமையாக வரும் என்பார்கள். எனக்கு வந்தது எரிச்சல். இத்தனை வருடம் கழித்தும் அவன்மேல் அதே எரிச்சல்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டுத்தான், ஆனால் கண்டபடி சுட்டுத் தள்ளுகிற வகை அல்ல. ஏதோவொரு சிவப்புக் கிரகம், அதில் கண்ணாடிக் கூரை மூடிய ஒரு நகரம். நாம் அங்கே வண்டிச் சாரதி. எங்கேயும் ஓட்டலாம், எவர் கதவையும் தட்டலாம். தட்டினால் உள்ளே ஒரு கதை இருக்கும். ஒருத்திக்குத் தங்கையோடு பேச்சில்லை. ஒருவர் செடி வளர்க்கிறார், அது பூக்கவே மாட்டேன் என்கிறது. நாம் சொல்கிற பதிலைப் பொறுத்துக் கதை வேறு வேறு பக்கம் திரும்பும். கடைசியில் காற்றுத் தயாரிக்கும் இயந்திரம் நின்றுபோகும். முப்பது நிமிடத்துக்குள் சனத்தைக் கப்பலில் ஏற்றவேண்டும். எல்லாரும் ஏறினால் வேறொரு முடிவு இருக்கிறது, மிகச் சிலரே பார்த்த முடிவு என்று எங்கேயோ வாசித்திருந்தேன்.

அதைப் பார்க்கவேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். சீலனுக்குப் பிரான்ஸ் விசா எந்த நேரமும் வரலாம் என்றிருந்தது. அவன் போனால் கணினி கொடிகாமத்து மாமா வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் முடிக்கவேண்டும்.

வேலைப் பங்கீடு தெளிவானது. விரல் அவனுடையது, இங்கிலீஷ் என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர். கடிதம் வந்தால் என்னிடம்தான் நீட்டுவார். அப்படிப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பரீட்சையாகத்தான் பார்ப்பான். எந்தத் தெருவுக்கு முதலில் போவது, எவரை எத்தனையாம் நிமிடத்தில் ஏற்றுவது என்று நான் நேரசூசி போட்டு வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், சிவப்பு மையால் கோடும் அடித்திருந்தேன்.

முதல் தடவை இயந்திரம் நின்று சைரன் ஊதியதும் சீலன் என் நேரசூசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியை நேரே ஒரு வீட்டுக்கு விட்டான். ஆளை ஏற்றவில்லை. அலுமாரியைத் திறந்து காகிதங்கள் வைத்த ஒரு பெட்டியை எடுத்தான்.

"என்னடா செய்யிறாய்?"

"உறுதி, மச்சான். காணி உறுதிப் பத்திரம்."

"விசரா, உது சும்மா அலங்காரத்துக்கு வைச்ச பெட்டி. உதாலை ஒரு பிரியோசனமும் இல்லை!"

அம்மா வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "எடுக்கட்டும் தம்பி. நாங்கள் இடம்பெயரேக்கை மூண்டு நாளிலை திரும்பலாமெண்டு உறுதியை விட்டிட்டுப் போய், வருசக்கணக்கா காணிக் கந்தோர், கச்சேரிப் படியெல்லே ஏறி இறங்கினனாங்கள்."

"அன்ரி, இது விளையாட்டு. முப்பது நிமிசம்தான் தருவாங்கள்."

"முப்பது நிமிசமோ?" என்றார் அவர். "எங்களுக்கு அவ்வளவும் தரேல்லை."

கப்பல் பாதிச் சனத்தோடு கிளம்பியது. எங்கள் வண்டியில் வீடு வீடாக எடுத்த பதினாறு பெட்டிகள்.

மறுபடியும் தொடக்கத்திலிருந்து. மறுபடியும் தங்கையோடு பேசாதவள், மறுபடியும் பூக்காத செடி. நடுவில் கறண்ட் வெட்டு வேறு. நேர அட்டவணை போட்டுத்தான் வெட்டினார்கள், ஆனால் அட்டவணைப்படி வெட்டவில்லை. எங்கள் யூ.பி.எஸ். ஏழு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அந்த விளையாட்டிலோ சில இடங்களில் மட்டும்தான் சேமிக்க முடியும். ஒரு நாள் பின்னேரம் முழுவதும் அந்தச் சகோதரிகளைச் சமாதானப்படுத்தி, இருவரும் கட்டிப்பிடிக்கக் கை நீட்டுகிற நேரத்தில் திரை கறுத்தது. இரண்டு மணித்தியாலம் போய்க் கறண்ட் வந்தபோது அவர்கள் மறுபடி முகம் பார்க்காமல் இருந்தார்கள். நான் கதிரையை உதைத்தேன். கால் வீங்கியது.

இரண்டாம் தடவையும் இவன் பெட்டி எடுக்கத்தான் போனான். "இந்த முறை கெதியா எடுப்பன்" என்பது அவனுடைய திருத்தம். எட்டுப் பேர் ஏறாமல் நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் தடவை விளையாடிக்கொண்டிருக்கும்போது விசா வந்தது. வெள்ளிக்கிழமை பயணம். புதன்கிழமை பத்து மணிக்குக் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். நான் முன்கூட்டியே சத்தியம் வாங்கினேன்.

"உயர்தரப் பரீட்சையே மூண்டு தரம்தான் எடுக்கலாம். முதல் ஆக்கள். பேந்துதான் பெட்டி. சரியோ?"

"ஓமடா."

சொன்னபடி செய்தான், அதைச் சொல்லவேண்டும். சந்தியில் திரும்பிய அழகென்ன, ஒரே ஓட்டத்தில் நாலு பேரை ஏற்றிய வேகமென்ன! சகோதரிகள் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். செடிக்காரர் செடியோடு ஏறினார். பத்தொன்பதாவது நிமிடத்தில் நகரமே கப்பலுக்குள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கறண்டும் இருந்தது!

சீலன் வண்டியைத் திருப்பினான்.

"எங்கையடா போறாய்?"

"பதினொரு நிமிசம் கிடக்கு. சும்மா நிக்கிறதே?"

"டேய், ஏறு! கப்பலிலை ஏறடா! அன்ரி, உவனுக்குச் சொல்லுங்கோ!"

"சரி, ஓடிப்போட்டு வரட்டும்" என்றார் அன்ரி.

கத்திப் பார்த்தேன், கும்பிட்டுப் பார்த்தேன், கீபோர்டைப் பறிக்கவும் பார்த்தேன். முழங்கையால் தள்ளிவிட்டான். கடைசித் தெருவில் ஒரு பெட்டி மிச்சமாம். அதை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கப்பலின் கதவு மூடிவிட்டது. திரையில் கப்பல் மெல்ல எழும்பியது. யன்னல்களில் எல்லா முகங்களும் தெரிந்தன. கீழே வெறும் நகரம், ஒரு வண்டி, வண்டி நிறையப் பெட்டிகள்.

"எல்லாரும் எண்டால் நீயும்தானடா!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சனம் ஏறீட்டுதுதானே" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா உள்ளே வந்து திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அப்ப அந்தப் பெடியன்?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சீலன் போனான். கணினியில் இருந்ததையெல்லாம் கொடிகாமத்து மாமாவின் பிள்ளைகள் அது கைக்கு வந்த அன்றே அழித்துவிட்டார்கள். எங்கள் சகோதரிகள், செடிக்காரர், பெட்டிகள் எல்லாம் போயின. அம்மாவையும் அண்ணை அங்கே எடுப்பித்துவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது, தோட்டத்தை வேறு யாரோ குத்தகைக்குச் செய்கிறார்கள். போன வருடம் அதே விளையாட்டை என் சம்பளத்தில் வாங்கித் தனியாக விளையாடினேன். முதல் தடவையே எல்லாரையும் ஏற்றி, நானும் ஏறி, சிலரே பார்த்த அந்த முடிவைப் பார்த்தேன். பச்சையாக ஒரு கிரகம், எல்லாரும் இறங்கி நடக்கிறார்கள், இசை வருகிறது. அவ்வளவுதான்.

சீலனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்றான், பின்னால் சட்டி உருளும் சத்தம். "நல்லா இருந்துதோ?" என்றான். "ஓம்" என்று பொய் சொன்னேன். பிறகு கதைக்கிறேன் என்று வைத்தவன், இன்னும் எடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை, வண்டி தனியாக நின்ற காட்சி மறைந்த பிறகு, திரையின் அடியில் சின்ன எழுத்தில் விளையாடிய மொத்த நேரம் வந்தது. சீலன் வீட்டு முன்னறையில் மூன்று தடவைக்கும் சேர்த்து நாங்கள் செலவழித்தது: இருநூற்றுப் பதினாறு மணித்தியாலம், நாற்பது நிமிடம்.