சொந்த வீட்டுக் குழாய்

ஊர்ப்பட்ட வீடுகளின் குழாய்ச் சத்தத்தை அடக்கிய மனுஷன் அவர். திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். வாஷர் தேய்ந்திருக்கிறது என்பார், சுவரில் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் விட்டுப்போச்சு என்பார். சொன்னது சொன்னபடி இருக்கும். 'காதுக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெயரைப் பாருங்கள்! இரண்டு வருடமாக அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

இதை வெளியே சொன்னால் பிழைப்பு என்னாவது? பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. திருப்புளியைக் காதில் வைப்பதெல்லாம் இப்போது வெறும் பாவனை. குழாயின் அதிர்வைக் கண்டுபிடிப்பது உள்ளங்கைதான். நாள் முழுக்க எதிரே நிற்பவர்களின் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

வீட்டிலோ வேறு கூத்து. சமையலறைக் குழாயை மூடினால் போதும், சுவரே இடிகிற மாதிரி தடார் என்று சத்தம். மனைவி ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்துவிட்டாள். ஊருக்கெல்லாம் உழைக்கத் தெரிகிறது, சொந்த வீடென்றால் இளக்காரமா என்று கேட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று போய்ப் படுத்துக்கொள்வார். களைப்பு பாதி, பயம் பாதி.

ஒரு விடுமுறைக் காலையில் அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள். அவர் முனகிக்கொண்டே சிங்குக்கு அடியில் புகுந்தார். குழாயை மூடும்போதெல்லாம் கைக்குள் அது துள்ளியது. கிளாம்பை முடுக்கினார். மறுபடி மூடிப் பார்த்தார்; அசைவே இல்லை.

"பாத்தியா, சத்தமே இல்ல" என்று எழுந்தார்.

அவள் குழாயைத் திறந்து மூடினாள். பின்சுவரில் இன்னொரு கிளாம்பும் விட்டுப்போயிருந்தது. குழாய் அங்கே தடார் என்று மோதியது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் இன்னொரு தடவை திறந்து மூடினாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

அவள் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எத்தனை நாளாங்க?"

பொய் சொல்லக்கூட அவரிடம் தெம்பில்லை. "ரெண்டு வருஷமா. தெரிஞ்சா யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

"அப்ப நான் திட்டினதெல்லாம்?"

"உன் முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கோபமும்தான், இவ்வளவையும் தனியாகச் சுமந்திருக்கிறாரே!

சட்டென்று அவள் வாசலுக்குப் போனாள். யாரோ தட்டியிருக்க வேண்டும். அவர் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தார். அடுத்த தெரு அம்மாள் கதவருகே நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

மனைவி அவர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மாளுக்குத்தான் பதில் சொன்னாள், ஆனால் உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக் குழாயைப் பாக்க வருவாருங்க. இனிமே நானும் கூட வருவேன்."