விமலாராணியின் மானிட்டரும் என் லேத்தும்

கணபதி ஏரியாவில் எங்கள் சந்தில் வீடும் பட்டறையும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும். இரும்பைக் கடைந்து கொடுக்கும் என் லேத் பட்டறை வாசலுக்கு நேர் எதிரே விமலாராணியின் ஜன்னல். நடுவில் ஒரு வண்டி நிறுத்தும் இடம்தான் இருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் அவள் புருஷன் வின்ஸ்டன். கொஞ்ச காலமாக அந்த வீடு அந்த ஒரு அறைக்குள் சுருங்கிப் போயிருந்தது.

வின்ஸ்டன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். இந்தப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையில் பழகியவர்கள்தான். ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஒரு பழைய கார் வாங்கிய எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். மற்ற வாத்தியார்கள் கத்துவார்கள், திட்டுவார்கள். இவர் வாயே திறக்க மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நம் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவார். ஆபத்து என்றால் டேஷ்போர்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. பிரேக் போடு என்று அர்த்தம். சத்தி ரோட்டில் எதிரே பஸ் ஏறி வரும்போதும் அதே இரண்டு தட்டுதான், குரல் உயராது. எனக்கு அது எலும்பில் ஏறிவிட்டது. இன்றைக்கும் யாராவது மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் என் வலது கால் தரையை அழுத்தும். என் மனைவி வரலட்சுமி வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையில் தட்டிவிட்டுச் சிரிப்பாள்.

அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். சொன்னால் புரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். முதலில் விமலா அவரிடம் நிறையப் பேசுவாள். ஜன்னல் வழியாக எனக்கே கேட்கும். பிறகு குறைந்தது. பிறகு நின்றது. சுவரிடம் எத்தனை நாள்தான் ஒருத்தி பேசுவாள்?

அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் அவரைத் துவைத்த துணி மாதிரி சுத்தமாக வைத்திருந்தாள். நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைப்பாள், கஞ்சி கொடுப்பாள், துடைத்துவிடுவாள். முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. வரலட்சுமி ஒரு நாள் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, இது என்னங்க்கா என்று கேட்டாளாம். அழுதாலாவது ஆற்றிவிடலாம், இவள் அழவும் மாட்டேன் என்கிறாள் என்று வரலட்சுமி வந்து புலம்பினாள்.

விமலாவின் வேலை அமெரிக்க ஆஸ்பத்திரி நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது. சரவணம்பட்டியில் கம்பெனி. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று கம்ப்யூட்டர், மானிட்டர், லிவரை இழுத்தால் ஏறி இறங்குகிற, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி எல்லாம் கொடுத்தனுப்பினார்கள். வின்ஸ்டன் விழுந்த பிறகு அந்த வேலை வீட்டில் இருந்ததால்தான் அவரும் வீட்டில் இருந்தார். ஆள் வைத்தும் பார்த்தாள். வந்த அம்மாக்கள் தூக்க முடியவில்லை என்று இரண்டாம் நாளே போய்விட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மானிட்டர் ஆரம்பித்தது. ஒரு நொடி கறுத்துப் போகும், உடனே வந்துவிடும். நம் வீட்டு டிவி என்றால் கவலையே இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியில், திரை ஒரு நொடி அறுந்தாலும் யாரோ வயரைப் பிடுங்கி வேறு எதிலோ சொருகுகிறார்கள் என்று சந்தேகப்படும்படி கம்ப்யூட்டரைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளின் ரகசியமாம். கறுத்த உடனே அவளை வெளியே தள்ளிவிடும். பாதி முடித்த வேலை போய்விடும். மறுபடி உள்ளே போக மேலதிகாரி அனுமதி வேண்டும். அந்த மேலதிகாரி ஜேக் என்று ஒரு பையன். நல்லவன்தான், ஆனால் அவனுக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

முதலில் பழி என் லேத் மேல் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? மோட்டார் எடுக்கும்போது கரண்டை இழுக்கும் என்பது இந்தச் சந்தில் குழந்தைக்கும் தெரியும். நானே போய் ஒப்புக்கொண்டேன். சும்மா போட்டு அவள் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று, அன்றிலிருந்து லேத் போடும் முன்னால் வாசலில் நின்று கேட்பதை வழக்கமாக்கினேன்.

"ஏனுங்க அம்மணி, லேத் போட்டுக்கட்டுங்களா?"

பெரியவன் கேட்கிறேன் என்று அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வந்து, போடுங்ணா என்பாள். உட்கார்ந்தபடியே சொல்ல அவளுக்கு வராது, அப்படி வளர்ந்த பெண். நான் சுவிட்சைப் போடுவேன். அவள் திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டர் அவளை வெளியே தள்ளியிருக்கும். நான் கேட்கும்போதெல்லாம் இது நடந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்கே என் லேத்தின் மேல் வெறுப்பு வந்தது. அவள் வேலை நேரம் முழுக்க லேத்தை நிறுத்திவிட்டு, காலையில் அவள் தொடங்குவதற்கு முன்னாலும் சாயங்காலமும் மட்டும் ஓட்டினேன். ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்றிருந்தேன்.

லேத் நின்றும் மானிட்டர் அடங்கவில்லை. கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. விமலா என்மேல் கோபப்படவும் இல்லை, என் லேத் தப்பித்ததற்குச் சந்தோஷப்படவும் இல்லை. சரிங்ணா என்றாள்.

பிறகு அனீஸ் வந்தான். ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், பொறுமைசாலி. வயரை மாற்றினான், பிளக்கை வேறு சுவரில் போட்டான், யு.பி.எஸ். வைத்தான், வேறு மானிட்டரே கொண்டுவந்து மாட்டினான். எல்லாம் சில மணி நேரத்துக்கு நன்றாக இருப்பது போல இருக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டே இருந்தபோது அது இமைக்கவே இல்லை. அலுத்துப்போய் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், மறுபடி வெளியே தள்ளியிருந்தது. கடைசியில் கம்ப்யூட்டர், மானிட்டர், வயர் எல்லாவற்றையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் நாள் முழுக்க ஓடவிட்டான். அங்கே தங்கமாக ஓடியது. "உங்க ஊட்லதான் ஏதோ இருக்குதுங்க்கா" என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

அந்த நாட்களில் வின்ஸ்டனுக்கு வேறு தாகம் அதிகமாகிவிட்டது என்று விமலா சொன்னாள். கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருக்கிறாராம். தட்டினால் தண்ணீர் என்று அவளே ஒரு கணக்கு வைத்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு எழுந்துபோய் டம்ளரில் கொடுத்தால் குடித்துவிடுவாராம். சர்க்கரை ஏறிவிட்டதோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த அறைக்குள் போவதையே நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதரை அப்படிக் கிடக்கப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விமலாவே என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலில் இல்லை, உள்ளே வரச் சொன்னாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலடியில் ஒரு பை இருந்தது. அதில் வின்ஸ்டனின் லுங்கிகளும் ஒரு ஜெபமாலையும் மடித்து வைத்திருந்தன. திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கே வந்துவிட வேண்டும், இனிமேல் வீட்டு வேலை கிடையாது என்று ஜேக் சொல்லிவிட்டான். பொள்ளாச்சி ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்தில் இவருக்கு இடம் கேட்டிருந்தாள். நாளைக் காலையில் வேன் வரும், தூக்கி ஏற்ற ஒரு கை வேண்டும் என்றாள். மளிகைச் சாமான் இறக்கச் சொல்கிற குரலில் சொன்னாள்.

உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணுமே தோண மாட்டேங்குதுங்ணா," என்றாள். "அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு. ஒடம்பத்தான் நாளைக்கு அனுப்பறேன்."

அவர் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் சொன்னாள். நான் அவரைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்துகளையும் காட்டுகிறேன் என்று அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் போனாள்.

கட்டில் கம்பியில் இரண்டு தட்டு.

என் வலது கால் தரையை அழுத்தியது.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து எதிரே வரும் வண்டியைப் பார்க்கிற அதே பார்வை. விமலா எழுந்து அவர் பக்கம் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் திரை கறுத்தது, வந்தது. அவளுக்கு அது தெரியாது. என்றைக்குமே தெரிந்திருக்காது. அவள் எழும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள், இல்லை கட்டிலைப் பார்த்தாள்.

தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லி அவள் டம்ளரை எடுக்கப் போனாள்.

"தண்ணி இல்லீங்க அம்மணி," என்றேன். "பிரேக் போடச் சொல்றாரு."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுந்திருக்கச் சொன்னேன். அவள் உடம்பு நாற்காலியை விட்டு எழும்பத் தொடங்கியதுமே கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது. எழுந்தாள். திரை கறுத்தது. இன்னொரு முறை செய்தோம். இன்னொரு முறையும் செய்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் தட்டினார், ஒவ்வொரு தடவையும் அது கறுத்தது. என் வீட்டு மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். அதில் உட்கார்ந்து எழுந்தாள். திரை அப்படியே நின்றது. கட்டில் கம்பியும் பேசாமல் இருந்தது.

அனீஸுக்குப் போன் போட்டேன். அவன் எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். அந்த ஏறி இறங்குகிற நாற்காலிக்குள் காற்று அடைத்த குழாய் இருக்குமாம். நாற்காலி பழசானதும், எழும்போது பாரம் சட்டென்று போனால் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மின்பொறி பறக்குமாம், அது மானிட்டர் வயருக்குள் புகுந்து படத்தை அறுக்குமாம். இன்னும் நல்ல உறை போட்ட வயராகக் கொண்டுவருகிறேன் என்றான். ஆக, நான் மரியாதையாகக் கேட்டதும் அவள் மரியாதையாக எழுந்ததும்தான் என் லேத்தைக் குற்றவாளியாக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விமலா ஜேக்குக்குப் போன் செய்தாள். விஷயத்தை விளக்க நாற்காலி என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், அடுத்த வாரம் முழுக்க அறுபடாமல் ஓடினால் மேலே பேசி மாற்றித் தருகிறேன், திங்கட்கிழமை வர வேண்டாம் என்றான். அடுத்து இல்லத்துக்குப் பேசி வேன் வேண்டாம் சிஸ்டர் என்றாள். இரண்டையும் அதே மளிகைக் குரலில்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு, பையிலிருந்து லுங்கிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் கிளம்பியிருக்கலாம். கால் வரவில்லை.

லுங்கிகளை அடுக்கி முடித்ததும் அவளால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. வழக்கம் போல டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அவர் தலையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனாள்.

வின்ஸ்டன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். முகத்தை, திரும்ப முடிந்த அளவுக்கு, அந்தப் பக்கம் திருப்பினார்.

வேண்டாம் என்று அவர் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளும் பார்த்ததில்லை. இத்தனை மாதமாகத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கொண்டுவந்த தண்ணீரை, பாவம் எழுந்து வந்துவிட்டாளே என்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிதர்.

விமலா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் நான் சொன்னதும் கேட்டுச்சுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். அவள் அழுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. அன்றைக்கு நான் லேத் போடவில்லை.