கோல்டு கார்டில் யார் அப்பா பேர்?

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் இடத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் நானூறு ஐந்நூறு பேர் பெட்டியும் பிள்ளையுமாக நின்றார்கள். இன்னொன்றில் சிவப்புக் கம்பளம் விரித்து, ஓரமாக மேசை போட்டு எலுமிச்சை ஜூஸ் வைத்திருந்தார்கள். அங்கே இருந்தது ஏழெட்டுப் பேர்தான். அந்த ஏழெட்டில் ஒருவர் என் வீட்டுக்காரர். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

அவருக்குக் கோவிலம்பாக்கத்தில் பெயிண்ட் கடை. நன்றாக விற்றுக் கொடுக்கும் கடைக்காரர்களை பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் டூர் கூட்டிப்போவது வழக்கம். அப்படி இரண்டு முறை இதே கப்பல் கம்பெனியின் கப்பலில், கொச்சியிலிருந்து ஒருமுறையும் மும்பையிலிருந்து ஒருமுறையும் போய்வந்தார். இத்தனை ராத்திரி கப்பலில் தங்கினால் சில்வர், இத்தனை தங்கினால் கோல்டு என்று ஒரு கணக்காம். மனிதர் கோல்டு ஆகிவிட்டார். மூன்றாம் முறைதான் சொந்தக் காசில் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கோல்டு கார்டு உள்ளவங்க மட்டும் இந்தப் பக்கம்" என்றாள் வாசலில் நின்ற பெண்.

அவர் என்னைப் பார்த்தார். ஜூஸைப் பார்த்தார். "நீ மெதுவா வா. நான் முன்னாடி போய் எடம் புடிச்சி வெக்கிறேன்" என்றார்.

கப்பலில் இடம் பிடிக்கிறாராம்! தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு வளர்ந்த புத்தி எங்கே போகும்? ஒன்றரை மணி நேரம் நின்றேன். பின்னால் நின்ற பெண், "தனியாவா வந்திருக்கீங்க ஆன்ட்டி?" என்று பாவமாகக் கேட்டாள். வீட்டுக்காரரோடுதான் என்று சொல்லிக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கைகாட்டினேன். அவர் சோபாவில் சாய்ந்தபடி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே ஆட்டோ பிடித்து கீழ்க்கட்டளைக்கு வந்திருப்பேன். வீட்டுச் சாவி அவர் பையில் இருந்தது.

இப்போது எங்கள் அபார்ட்மெண்டில் யாராவது அந்தக் கார்டு உபயோகம்தானா என்று கேட்டால், நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். தினம் இரண்டு கோப்பை ஒயின் இலவசம். இவர் குடிக்க மாட்டார், நானும் மாட்டேன். "அதுக்குப் பதிலா மோர் குடுப்பீங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். கொடுக்கவில்லை. மசாஜுக்குத் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி போக அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் இவருக்கு இடுப்பு வலி தானாகவே போய்விட்டது. ஒரு போட்டோ இலவசம். அதில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

உருப்படியான சலுகை என்றால் சலவை ஒன்றுதான். ஒரு பை நிறையத் துணி போட்டால் துவைத்து, தேய்த்து, அறைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் ஏரியா போர்வெல் தண்ணீரில் வெள்ளை வேட்டியை நாலு தரம் துவைத்தால் டீ கொட்டியதுபோல் ஆகிவிடும். இந்த மனிதர் இதை முன்பே யோசித்து ஆறு வேட்டி, நாலு பனியன், இரண்டு தலையணை உறை, பூஜை அறைத் திரை உட்பட வீட்டிலிருந்து ஒரு தனிப் பெட்டியில் அழுக்குத் துணி கட்டி எடுத்து வந்திருக்கிறார். எனக்கே நடுக்கடலில்தான் தெரியும். அறை துடைக்க வந்தவர் பூஜைத் திரையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

இவ்வளவு கேலி பேசினாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல் எனக்கும் ஆசை இருந்தது. ஒருமுறையாவது முதலில் கூப்பிடப்படும் ஆளாக இருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை.

அதைத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, ஊருக்கு வந்ததும் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள். மனைவிக்கும் அதே கார்டு கொடுக்கலாம், ஆனால் இருவருக்கும் சர்நேம் ஒன்றாக இருக்கவேண்டும் என்றாள். எங்களுக்கு ஏது சர்நேம்? நம் ஊரில் இருப்பது இனிஷியல். அந்த இனிஷியலை விரித்து எழுதினால் அப்பா பேர். இவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இவர் அப்பா பேர், என்னுடையதில் என் அப்பா பேர். இருபத்தாறு வருடம் ஒரே குக்கரில் வெந்த சோற்றைத் தின்றும் கம்ப்யூட்டருக்கு நாங்கள் யாரோ எவரோ.

"கடைசிப் பக்கத்துல புருஷன் பேருன்னு என் பேரு கீதேம்மா" என்றார் இவர்.

"சிஸ்டம் ஃபர்ஸ்ட் பேஜ் மட்டும்தான் எடுக்கும் சார். இல்லன்னா மேரேஜ் சர்டிபிகேட் அனுப்புங்க."

"சர்டிபிகேட்லாம் நாங்க வாங்கல. பத்திரிகை இருக்குது, அனுப்பட்டுமா?"

"நியூஸ்பேப்பர்லயா சார் வந்துச்சு?"

இவர் போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அந்தச் சிரிப்பு இரவுச் சாப்பாடு வரைதான் இருந்தது. என் பாஸ்போர்ட் அந்த மாதத்தோடு முடிகிறது, பத்து வருடத்துக்கு முன் மலேசியா முருகன் கோவிலுக்குப் போக எடுத்தது. தோசையைப் பிய்த்துக்கொண்டே, "புதுசு எடுக்கும்போது சர்நேமை மாத்திட்டா முடிஞ்சிபோச்சி" என்றார்.

"எதுக்கு மாத்தணும்?"

"என் சர்நேமுக்குத்தான்."

"உங்க பேருகூட இல்லீங்க அது. உங்க அப்பா பேரு."

"அதுக்கு இன்னா இப்போ? எங்கப்பா உனக்கும் அப்பா மாதிரிதானே?"

நான் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தேன். அடுப்பை அணைத்தேன். இருபத்தாறு வருடமாகச் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன்.

என் அப்பா தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டிபன் ஹோட்டலில் முப்பது வருடம் சப்ளையர். வேளைக்கு நூறு பேர் அவரைக் கூப்பிடுவார்கள், ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சப்ளையர், ஏம்பா, அண்ணே, இங்க பாரு, இப்படித்தான். முதலாளிக்கே அவர் பேர் தெரியுமா என்பது சந்தேகம். அந்தப் பேர் ரேஷன் கார்டில் இருந்தது. அப்புறம் என் சர்டிபிகேட்டுகளில் இருந்தது. குரோம்பேட்டை லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா அந்த ஓர் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அந்த லேபுக்குத்தான் இவர் தன் அப்பாவைச் சர்க்கரை பார்க்கக் கூட்டிவந்தார். சர்க்கரையே இல்லாத மனிதரை மூன்று முறை கூட்டிவந்தபோதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. மாமனார் கோவிலம்பாக்கத்தின் பழைய குடும்பம். பயிர் வைத்த நிலமெல்லாம் பிளாட்டாகி, பெரிய மனிதராக இருந்தார். மகன் ஒரே பிடியாக நின்றதால் சம்மதித்தார். கல்யாணத்தன்று சம்பந்திகள் சேர்ந்து உட்காரும் பந்தியில் என் அப்பாவுக்கும் இலை போட்டிருந்தது. அவருக்குத்தான் உட்கார வரவில்லை. யாருடைய இலையிலாவது ஏதாவது குறைந்தால் அவர் கை சும்மா இருக்காது. எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். மாமனார் இலையைக் காட்டி, "சப்ளையரே, இங்க கொஞ்சம் சாம்பார்" என்றார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே ஊற்றினார். அதற்குப் பிறகு இருவரும் இருந்த காலம்வரை மாமனார் வாயிலிருந்து சம்பந்தி என்ற வார்த்தை வரவே இல்லை. சப்ளையர் வந்திருக்காரு, சப்ளையர் போன் பண்ணாரு, அவ்வளவுதான். இரண்டு பேருமே இப்போது இல்லை.

"அந்தப் பேரை எடுத்துட்டு உங்கப்பா பேரைப் போட்டுக்கணுமா? எதுக்கு, எலுமிச்சம்பழ ஜூஸுக்கா?" என்று கேட்டேன். இவர் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தாம்பரம் பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். உள்ளே மனு போட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கவுன்டரில் இருந்தவர், "பேர்ல ஏதாவது மாத்தணுமா மேடம்?" என்றார். ஒன்றும் மாற்றவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். வெளியே வந்து இவரிடம் சொன்னேன். "சரி" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

இரண்டு வாரம் போனது. குழம்பு, உப்பு, சாவி எங்கே, இதற்குமேல் பேச்சு நீளவில்லை. கார்டு போன கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இறந்துபோன தகப்பனைப் பற்றி இவர் முகத்துக்கு நேரே அப்படிப் பேசியிருக்கவேண்டாமோ என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்குக் கேட்பது? நான் சொன்னதில் பொய் இல்லையே.

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குக் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கடை திறந்த நாளிலிருந்து அப்படி வந்ததில்லை. கையில் எங்கள் கல்யாண ஆல்பமும் பழைய பத்திரிகையும் இருந்தன.

"நல்ல பொடவையா கட்டிக்க. ரிஜிஸ்டர் ஆபீஸ் போணும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"நமக்குத்தான்."

எனக்குத் தெரியாமல் எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆன்லைனில் பதிந்து, நேரம் வாங்கி, சாட்சிக்குக் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரரையும் அவர் மனைவியையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். ரிஜிஸ்டர் ஆபீசில் எங்களைத் தவிர எல்லாமே வாலிப ஜோடிகள். ஒரு பெண் எனக்கு ஹாப்பி மேரேஜ் லைஃப் வேறு சொன்னாள்.

பெஞ்சில் காத்திருந்தபோது இவர் பத்திரிகையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் மாமனார் பேர் பட்டம், பரம்பரை எல்லாம் சேர்ந்து இரண்டு வரிக்குப் போகும். கீழே என் அப்பா பேர் மெல்லிசாக ஒற்றை வரியில் இருக்கும். இவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பந்தியில நானும்தான் சிரிச்சேன்" என்றார். "நீ பாத்தியான்னு தெரியாது. சிரிச்சேன். தப்பும்மா அது."

நான் பார்த்திருந்தேன். இருபத்தாறு வருடமும் அதை எனக்கு நானே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் வாயாலேயே அது வந்ததும் என்னால் தாங்கமுடியவில்லை, பொலபொலவென்று அழுதுவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி என் கண்ணைப் பார்த்தார், இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு என் பக்கம் குனிந்து, "மேடம், உங்களுக்கு முழுச் சம்மதம்தானே? யாராவது வற்புறுத்துறாங்களா?" என்றார். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க வாசலுக்கு ஓடினார். "சம்மதம்தான் சார்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். சொன்னபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சி எதுக்கு சார் சர்டிபிகேட்? ஃபாரின் போறீங்களா?"

"இல்ல சார், ஒரு க்யூவுல சேந்து நிக்கணும்" என்றார் இவர். அதிகாரிக்குப் புரியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

சர்டிபிகேட்டை அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் கார்டு வந்தது. என் பேர், பக்கத்தில் என் அப்பா பேர். அடுத்த சீசனில் மறுபடியும் கப்பல் ஏறினோம். சிவப்புக் கம்பளத்தில் நடந்தேன். ஜூஸ் வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டேன். கோல்டு கார்டு இருவரிடமும் இருந்ததால் சலவைக்கு இரண்டு பை கிடைத்தது. இந்த முறை பூஜைத் திரைக்கு நான் தடை போட்டுவிட்டேன்.

முதல் நாள் மாலை ஏழு மணிக்குக் கார்டுக்காரர்களுக்கென்று தனி விருந்து. ஜன்னலோரம் எங்களுக்கு ஒரு சின்ன மேசை ஒதுக்கி, அதன்மேல் பேர் அச்சடித்த அட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். கப்பலில் எல்லாரையும் சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அட்டையில் எங்கள் பேர் இல்லை. மிஸ்டர் என்று என் மாமனார் பேர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மிஸஸ் என்று என் அப்பா பேர்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட சப்ளையர் வந்தார். அட்டையைப் படித்தார். என் பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி, என் அப்பா பேரை நிறுத்தி முழுசாகச் சொல்லி குட் ஈவினிங் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றேன். சாப்பாட்டு மேசை முன்னால் அந்தப் பேரை ஒருவர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஒக்காரு" என்றார் இவர். உட்கார்ந்தேன். இவர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மேசைக்கு நடுவில் நேராக வைத்தார்.

"சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்துட்டாங்க பாரு" என்றார். "மொதல்ல உங்கப்பாவுக்குப் போடச் சொல்லு."

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தச் சப்ளையர் சூப்பை முதலில் என் பக்கம்தான் வைத்தார்.