வாசல் வரை வரும் வண்டி

லூர்துநாதனுக்குப் பேரம் பேச வராது. துறைமுகத்தில் மீன்காரம்மா முந்நூறு என்றால் முந்நூறு. வெயிலில் உட்கார்ந்திருக்கிறதே, பாவம் என்று மேலே இருபதும் கொடுத்துவிட்டு வருவார். அவர் மனைவி ஆரோக்கிய ராணி அவர் கையில் கூடையைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். இப்படிப்பட்ட மனிதர் மின்சார வண்டி ஒன்றை மூன்று வருட லீஸுக்கு எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

நான் ராஜாமணி. கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. நாங்கள் ஆறு பேர், எல்லோரும் அதே கல்லூரி, பதினோரு வருடமாக லூர்துவின் வண்டியில்தான் போய் வருகிறோம். காலையில் கொண்டுபோய் விடுவார். கல்லூரிக்குப் பக்கத்திலேயே நிழல் பார்த்து நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். மாலையில் அழைத்து வருவார். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சீப்பை எடுத்துத் தலை சீவுவார். தலையில் சீவுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம்.

அந்த டீசல் வண்டிக்கு வயது பதினான்கு. போன மார்ச்சில் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புது வண்டி வாங்க லூர்துவிடம் வசதியில்லை. லீஸ் என்றால் வண்டி கம்பெனியுடையது; மாத வாடகை கட்டி ஓட்டிவிட்டு மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது படியவில்லையென்றால் சென்னையில் அவர் மச்சான் ஓர் அடுக்குமாடிக் குடும்பத்தில் டிரைவர் வேலை பார்த்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். ஆரோக்கிய ராணி இங்கே, இவர் அங்கே. எங்களுக்குப் பேருந்து இருக்கிறது, செத்துப்போக மாட்டோம். ஆனாலும் லூர்து இல்லாத கடலூரை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடம் நான் சொல்லவுமில்லை.

"நீ வாயே தொறக்காத. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"சரி சார்" என்றார்.

ஒரு சனிக்கிழமை லீஸ் கம்பெனியின் கடலூர் அலுவலகத்துக்குப் போனோம். துணைக்கு சிந்துஜாவும் வந்தாள். எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள்; பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற பெண். எதிரே மேலாளர் அருண்பாண்டியன், முப்பது வயது, மரியாதையான ஆள். அவரை நான் மூன்று மணிநேரம் பாடாய்ப்படுத்தினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேட்டரி தேய்ந்து போனால் யார் பொறுப்பு என்று சிந்துஜா கேட்டாள். கம்பெனி பொறுப்பு என்று எழுத வைத்தோம். திருப்பிக் கொடுக்கும்போது சின்னக் கீறலுக்கெல்லாம் பணம் பிடிப்பார்களாமே என்றாள். உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த கீறல் கணக்கில் வராது என்று எழுத வைத்தோம். பாதியில் விட்டால் ஆறு மாத வாடகை அபராதம் என்றிருந்ததை இரண்டு மாதமாக்கினோம். கடைசியில் வாடகைக்கு வந்தேன்.

அருண்பாண்டியன் பெருமூச்சு விட்டார். "சார், மாசம் மூவாயிரம் கிலோமீட்டர் லிமிட்டுக்குத்தான் இந்த வாடகை. கடலூர் சிதம்பரம் நாப்பத்தஞ்சு, போக வர தொண்ணூறு. இருபத்தஞ்சு நாளுக்குப் போட்டாலும் ரெண்டாயிரத்து ஐந்நூறு தாராளம். அந்த லிமிட்ல எடுத்துக்குங்க, மூவாயிரம் ரூபா கொறச்சுத் தரேன். தாண்டினா மட்டும் கிலோமீட்டருக்குப் பத்து ரூபா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். காகிதம் தயாரானது. பேனாவை எடுத்து லூர்து கையில் கொடுத்தேன். அவர் அதை மூடி மேசைமேல் வைத்தார்.

"இது பத்தாது சார். எனக்கு மூவாயிரம் கிலோமீட்டரே போடச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மணிநேரம் தொண்டை வறளப் பேசி இறக்கிய பணத்தை இந்த மனிதர் மீன்காரம்மாவிடம் கொடுப்பதுபோலக் கொடுக்கிறாரே. அந்தப் பழைய வாடகையைக் கட்டினால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவர்தான் என்னிடம் சொல்லியிருந்தார். கையைப் பிடித்து வெளியே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்குப் புத்தி இருக்கா? சிதம்பரம் என்ன நவுந்தா போயிடுச்சு?"

"தொண்ணூறு பஸ்ஸுக்கு சார். நம்ம வண்டிக்கு நூத்திப் பதினெட்டு" என்றார்.

பின்னாலேயே வந்திருந்த சிந்துஜாதான் விரல்விட்டு எண்ணினாள். எங்கள் கல்லூரி விடுதிச் சமையல்காரி முத்தம்மாளின் வீடு ஆலப்பாக்கத்தில் மெயின்ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. அவளுக்குக் கால் சரியில்லை என்று தினமும் உள்ளே போய் ஏற்றி, மாலையில் உள்ளே போய் இறக்குகிறார். அதுவே பதினாறு. சிந்துஜாவை செம்மண்டலத்தில் அவள் வீட்டு வாசலில். மற்றவர்களையும் அப்படியே.

என்னையும்தான். இரண்டு வருடம் முன் எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோது, மூன்று வாரத்துக்கு மட்டும் வாசலுக்கு வா என்று கேட்டிருந்தேன். அந்த மூன்று வாரம் இன்னும் முடியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்குக் கணக்குப் பார்த்துப் பேரம் பேசிய நாங்கள் யாருமே பேருந்து நிலையத்தில் நின்று வருடங்கள் ஆகின்றன. எனக்கு வெட்கமாகிவிட்டது. டீ ஆறிப்போனது.

"நாங்கல்லாம் மெயின்ரோட்டுக்கு வந்துடறோம்யா. முத்தம்மாளுக்கு ஷேர் ஆட்டோ வச்சுக்கலாம். நீ கையெழுத்தப் போடு" என்றேன்.

லூர்து தலையை ஆட்டினார். "டிரைவர் வேல மெட்ராஸ்லயும் இருக்கு சார். ஊட்டாண்ட வந்து ஏத்திக்கிறது இங்கதான இருக்கு. அது இல்லன்னா நான் அங்கயே போயிடறேன்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவேளை. என் கண் கலங்கியிருந்தது.

கல்லூரி விடுமுறைப் பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. மே முழுக்கக் கல்லூரி இல்லை. தீபாவளி, செமஸ்டர் விடுமுறை, பொங்கல் எல்லாம் சேர்த்தால் இன்னொரு மாதம். வருடத்தில் பத்து மாதம்தான் எங்களுக்கு ஓட்டம். விறுவிறென்று உள்ளே போனேன்.

"தம்பி, மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னா வருஷத்துக்கு முப்பதாயிரம்தான? அத மாசாமாசம் பாக்காம வருஷக் கடைசில பாருங்க. உங்களுக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஜாஸ்தி ஆவாது. வாடகை கொறச்ச வாடகைதான்."

அருண்பாண்டியன் யோசித்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் வேறு யாரிடமோ கேட்டார்கள். அரை மணிநேரம் நான் லூர்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். பயம் வந்தாலும் அதைத்தான் செய்வார் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஓகே சொல்லிட்டாங்க சார்" என்றார் அருண்பாண்டியன்.

சிந்துஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கள் ஓட்டம் இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. பாக்கி ஐந்நூறு. "புது வண்டி எடுத்தா மொத ஓட்டம் வேளாங்கண்ணிக்குத்தான் அண்ணா போவீங்க? போய் வர முந்நூறு. இடிக்காது" என்றாள். லூர்து முதல்முறையாகச் சிரித்தார். கையெழுத்தை நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிப் போட்டார்.

மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த திங்கட்கிழமை முதல் நாள் ஓட்டம். கணக்கு இழுத்துப் பிடித்ததாயிற்றே, நம் பங்குக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்று முதுகில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆறரைக்கே தெருமுனைக்குப் போய் நின்றேன். வெள்ளை வண்டி சத்தமில்லாமல் வந்தது. கையைக் காட்டினேன். லூர்து என்னைப் பார்த்தார், ஒரு வணக்கம் வைத்தார், நிற்காமல் என்னைத் தாண்டித் தெருவுக்குள் போனார். என் வீட்டு வாசலில் நிறுத்தினார். இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

என்ன செய்வது, நான் திரும்ப வீட்டுக்கு நடந்தேன்.

"என்னய்யா இது அநியாயம்?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டது வாசலுக்கு சார். ஏறுங்க, முத்தம்மாக்கா காத்துட்டிருக்கும்" என்றார் லூர்துநாதன்.