ஒரு கட்டுப் புதினா

என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். நான் குடிப்பேன். பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன்: "மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் பிரெண்ட்ஸோட ஜின் சாப்பிடுவேன். அப்புறம் தெரிஞ்சுகிட்டு தையா தக்கான்னு குதிக்கக் கூடாது." காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார். அவருடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர் என்பது எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் வழக்கம் மாறவில்லை. சிறுசேரியில் வேலை முடிந்து, தோழி வீட்டில் குடித்துவிட்டு, ஊரப்பாக்கத்துக்கு கேப் பிடித்து வருவேன். கதவைத் திறப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆனால் அன்றைக்கு மட்டும் ஹாலில் பாயை விரித்துத் தனியாகப் படுத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமே! ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இனிமே வீட்லயே குடி. நானே கலந்து தரேன்."

மனிதர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ஜின்னை அளக்க இருமல் மருந்து மூடி. புதினாவை நசுக்க, சமையலறையில் இருக்கும் சின்னக் கல் உரல். சர்க்கரைப் பாகு, எலுமிச்சைச் சாறு, ஐஸ், மேலே சோடா. பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன். யாரோ ரசத்தில் ஜின்னை ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் தட்டிய பூண்டும் மிளகும் உரலை விட்டுப் போகவே இல்லை.

"சார், இதுக்குத் தொட்டுக்க அப்பளம் வேணும்" என்றேன்.

பாவம், அவரால் ருசி பார்த்துத் திருத்தவும் முடியாது. நான் சொல்வதைக் கேட்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தார். உரலுக்குப் பதில் கரண்டிக் காம்பு வந்தது. பாகு குறைந்தது. புதினா மட்டும் குறையவே இல்லை. பத்து இலை போதும் என்று வீடியோவிலேயே சொல்கிறார்கள். இவர் ஒரு கட்டு முழுவதையும் நசுக்கிப் போடுவார். காய்கறி வண்டிக்கார அக்காகூட, "இன்னா சார், மாசாமாசம் பிரியாணியா?" என்று கேட்டுவிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், "ஆமாங்க்கா" என்று கூசாமல் சொன்னார்.

"இது ஜின்னா, சட்னியா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கிளாஸைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். பாயும் ஹாலில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஜின்னை விட எனக்குக் கசந்தது அந்தப் பாய்தான்.

போன சனிக்கிழமை, இன்றைக்கு நானே பத்து இலை எண்ணிப் போடுகிறேன் பார் என்று சமையலறைக்குள் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கசக்கிய புதினாவை இடது கையில் வைத்து மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். வலது கையால் பாட்டிலை எட்டப் பிடித்து மூடியில் ஊற்றினார்.

"என்னங்க இது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தவர் கையை இறக்கினார். "பாட்டிலைத் திறந்து அந்த வாசனை வந்தா அப்பா உள்ள வந்துட்ட மாதிரியே இருக்கு" என்றார்.

"நான் விட்டுடறேங்க. நிஜமாத்தான் சொல்றேன். சிங்க்ல கொட்டிடலாம்."

"வேணாம்." மூடியிலிருந்த ஜின்னைக் கிளாஸில் ஊற்றினார். "அப்பா குடிச்சிட்டு வந்தா எங்க வீட்ல ஒருத்தரும் பேச மாட்டோம். அம்மா தட்டைக்கூட சத்தம் வராம வைப்பாங்க. நீ குடிச்சா நிறுத்தாம பேசுற, சிரிக்கிற. அந்த வாசனையோட அதைக் கேட்டுப் பழகிட்டா சரியாயிடும்னு பாக்கறேன்."

பால்கனியில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டேன். ஒரு கட்டுப் புதினாவையும் குறை சொல்லாமல் குடித்தேன். மேனேஜரைத் திட்டினேன். எப்போதும் பழுதாகிக் கிடக்கும் லிப்டைத் திட்டினேன். காலேஜ் கதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோதும் பேச்சை நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு ஹாலில் பாய் விரிக்கவில்லை.