ஆயர் தாவாருக்குப் பன்னிரண்டு பேர்

எங்கள் எஸ்டேட் பந்து அணி இந்தப் பருவத்தின் ஆறாவது ஆட்டத்துக்காக, அதாவது கடைசி ஆட்டத்துக்காக, ஆயர் தாவார் போய் வந்தது. மலாயாவில் இந்த ஜப்பான்காரன் ஆட்சியில் நாற்பத்து நாலு மைல் என்பது லேசுப்பட்ட தூரம் இல்லை. அதே பாதையில் போக நேர்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் ஜெலாப்பாங் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸர். அணிக்குச் செயலாளரும் நானே; விளையாடத் தெரியாதவனுக்குக் கொடுக்கும் பதவி அது.

முதல் ஐந்து ஆட்டத்திலும் தோற்றோம். வாங்கிய கோல் இருபத்தேழு, அடித்தது ஒன்றும் இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு எவ்வளவுதான் ஓடுவது? ஆனாலும் யாரும் விலகவில்லை. அணியில் பெயர் உள்ளவர்களை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிப்பதில்லை என்று எஸ்டேட்டுகளை மேய்க்கும் ஜப்பான் அதிகாரி சொல்லியிருந்தார். எந்த எஸ்டேட் அணியானாலும் மைதானத்தில் பதினொரு பேர் நிற்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் அணி கலையும், மற்றவர்கள் பெயர் சயாம் பட்டியலுக்குப் போகும். எங்கள் எஸ்டேட்டிலிருந்து சயாம் போனவர்கள் இன்னும் ஒருவரும் திரும்பவில்லை.

காலை ஏழுக்கு ஈப்போவில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் லாரி ஏறினோம். கடிகாரமெல்லாம் இப்போது தோக்கியோ மணி என்பதால் ஏழு மணிக்கும் கும்மிருட்டு. ஆளுக்கு மூன்று வெள்ளி, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டில். ஆட்டக்காரர்கள் பதினொருவர், நான், உபரியாக முனியாண்டி. ஐந்து ஆட்டத்திலும் அவன் துண்டுகளுக்குக் காவல் இருந்தவன்.

"எத்தனை கோல் வாங்கப் போறீங்கண்ணே?" என்று டிரைவர் கேட்டார்.

"லாரி போய்ச் சேருதான்னு பாப்போம் லா," என்றேன். மேடு வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளினோம்.

காவல் சாவடிகள் மூன்று. மூன்றிலும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். பேராக் ஆற்றைப் படகில் கடக்க ஆளுக்கு ஐம்பது காசு. அக்கரையில் இன்னொரு லாரி பிடித்து, மூன்றரைக்கு ஆயர் தாவார் சேர்ந்தோம்.

மைதான ஓரத்தில் அரை மூட்டை அரிசி இருந்தது, ஜெயிக்கும் அணிக்கு. நெல்லரிசிச் சோறு தின்று எங்களுக்கு மாதக்கணக்காகிவிட்டது.

ஆயர் தாவார் அணிக் கேப்டன் ஆரோக்கியம் நேரே என்னிடம் வந்தார். "டிரெஸர்ண்ணே, எங்க பெருமாளுக்குக் காய்ச்சல். ஒரு மாத்திர குடுத்து எழுப்பி விட்டுருங்கண்ணே."

தொழிலாளர் லயத்து வீட்டில் போய்ப் பார்த்தேன். மலேரியா. என்னிடம் கொய்னா மாத்திரை இல்லை, இருந்தாலும் அவனால் எழுந்து நிற்க முடியாது. அதை வெளியே வந்து சொன்னதும் ஆரோக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பத்துப் பேர்தான்.

சும்மா இருந்தால் வெற்றி எங்களுக்கு. அரிசியும் எங்களுக்கு. எங்கள் கேப்டன் சின்னையா மூட்டையைப் பார்த்தான். நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவன் முனியாண்டி பக்கம் திரும்பினான்.

"மச்சான், சட்டையக் கழட்டு லா. அந்தப் பக்கம் போய் நில்லு."

அவர்களுக்குச் சட்டை கிடையாது, வெறும் மேலோடு ஆடுபவர்கள். ஆட்டத்துக்கு வந்திருந்த ஜப்பான் அதிகாரி பட்டியலைப் படித்தார். பெருமாள் என்றதும் முனியாண்டி, "ஹாய்!" என்று ஜப்பான் பாஷையில் ஆமாம் போட்டுக் கை தூக்கினான். அதிகாரி தலைகளை எண்ணினார். இரண்டு பக்கமும் பதினொன்று.

ஐந்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நன்றாகவே நடந்தது. முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது பந்து முனியாண்டியின் காலில் வந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். கோல்! தலையில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். நாங்கள் வேண்டுமென்று விட்டுக்கொடுத்த கோல் இல்லை. எங்கள் கோல்கீப்பருக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அன்று ஆரோக்கியம் அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினார். பெருமாளுக்கு முனியாண்டியே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் ஆற்றின் இக்கரையில் அதே ஈப்போ லாரி டிரைவர். "எத்தனைண்ணே?"

"ஒன்னு."

"அடிச்சதா, வாங்கினதா?"

"ரெண்டும் நாங்கதான் லா," என்றான் சின்னையா.

ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. எனக்கு வெட்கம் இல்லை. அடுத்த பருவத்துக்கும் ஆயர் தாவாரில் ஓர் அணி இருக்கிறது.

போகிறவர்களுக்கு: பயண அனுமதிப் பாஸை நனையாமல் வையுங்கள். சாவடியில் தொப்பியைக் கழற்றுங்கள். வழியில் சாப்பாடு கிடைக்காது, கிழங்கு கட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஆளைக் கூடுதலாக அழைத்துப் போங்கள்.